சம்பந்தி கட்டிய விமானத்துக்கு நான் போட்ட ஒயர்

தலைக்கு மேலே விடிந்த பிறகும் எரிந்துகொண்டிருக்கிறதே ஒரு லைட், அதைப் பார்த்துத்தானே முகம் சுளிக்கிறீர்கள், சார்? சுளிக்காதீர்கள். இந்த வண்டிக்கு லைட் போட்டவன் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். சுவிட்சைத் தட்டினால் அணைய மாட்டேன் என்கிறது என்றால் அது டிரைவருடைய கைராசி. என் கையை விட்டுப் போகும்போது எரி என்றால் எரிந்தது, அணை என்றால் அணைந்தது.

கரூரில் வந்து சிகாமணி வீடு எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. சீரியல் லைட் சிகாமணி என்று கேளுங்கள், பஸ் பாடி கட்டுகிற பட்டறை அத்தனையிலிருந்தும் ஆள் கிளம்பி வந்து வழி காட்டுவார்கள். திருவிழா ஸ்பெஷல் வண்டி ஒன்றுக்கு நான் போட்ட லைட்டைப் பார்த்துவிட்டு, வழி நெடுகச் சேவல் கூவி, குளித்தலைக்காரர்கள் அன்றைக்கு ஒரே நாளை இரண்டு தடவை ஆரம்பித்தார்கள். நம்பாவிட்டால் போங்கள்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டீர்களே. அரவக்குறிச்சி தாண்டி. ஒரு விமானம் விஷயமாக.

சிரித்துவிட்டீர்கள். விமானத்துக்குத் திருச்சி அல்லவா போகவேண்டும் என்று நினைக்கிறீர்கள். இந்த விமானம் திருச்சிக்கு வராது. இது என் சம்பந்தி கட்டின விமானம். நிஜம்தான். என் மகள் செவ்வந்தியைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளையுடைய தகப்பனார், பொன்னுரங்கம். நாற்பது வருஷம் பஸ்ஸுக்குப் பாடி கட்டினவர். பட்டறையை மகன் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை. சிலர் காசிக்குப் போவார்கள். இவர் வெளிநாட்டிலிருந்து வரைபடத்தையும் ஒரு இன்ஜினையும் வரவழைத்து, பட்டறையின் பின்பக்கம் கூரை போட்டு, விமானம் கட்ட ஆரம்பித்துவிட்டார். இரும்புக் குழாயில் கூடு, மேலே துணி, தரைக்குத் தகடு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டே சீட்.

அந்த இரண்டாவது சீட்தான், சார், என் பிராணனை வாங்கினது.

ஒயரிங்குக்குப் பெங்களூரிலிருந்து ஆள் கூப்பிடப் போகிறார் என்று காதில் விழுந்தது. நேரே போனேன்.

"பொண்ணு குடுத்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கறனுங்க. ஒயரிங்குக்கு வெளியாளுங்களா சம்பந்தி?"

"அதுக்கில்லீங்க சம்பந்தி. இது கொஞ்சம் வேற மாதிரி வேலை."

"என்னுங்க வேற மாதிரி? பேட்டரி இருக்குதுங்களா? இருக்குது. லைட்டு இருக்குதுங்களா? இருக்குது. சக்கரம்?"

"மூணு இருக்குதுங்க."

"ஆறு சக்கரம் பார்த்தவனுக்கு மூணு எந்த மூலைக்குங்க?"

காப்பி கொண்டுவந்த செவ்வந்தி, தம்ளரை என் கையில் கொடுக்காமல் நின்றாள். "அப்பா, அது பஸ் இல்லீங்கப்பா" என்றாள்.

அவளுக்கு இதெல்லாம் தெரியும், இல்லை என்று சொல்லவில்லை. விமானம் பழுது பார்க்கிற கம்பெனி ஒன்றில் ஒயரிங் பிரிவில் நாலு வருஷம் இருந்தவள். குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டாள். ஆனால் அவளுக்கு டெஸ்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது யார்? நான் அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன். பெண்ணைப் பெற்றவனை முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல எந்தச் சம்பந்திக்கு வாய் வரும்? அவரும் சரி என்றார். கூலி கொடுக்க வந்தார். கையெடுத்துக் கும்பிட்டேன். "எனக்குக் கூலியே வேண்டாமுங்க. பட்டறை வழக்கம் ஒண்ணு இருக்குதில்லீங்களா, அதைச் செஞ்சாப் போதும்" என்றேன்.

அந்த வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. கரூரில் புது வண்டி முதல் ஓட்டம் போகும்போது வேலை செய்தவர்கள் அதில் ஏற வேண்டும். வெல்டு வைத்தவன், பெயின்ட் அடித்தவன், ஒயர் போட்டவன், எல்லோரும். தன் வேலையைத் தானே நம்பி ஏறாதவன் போட்ட வண்டியில் ஊரான் எப்படி ஏறுவான் என்று கணக்கு. அவரும் பட்டறைக்காரர்தானே? "முதல் தடவை மேலே போறப்ப அந்த ரெண்டாவது சீட்டு உங்களுக்குத்தானுங்க சம்பந்தி" என்று வாய்விட்டுச் சொன்னார். செவ்வந்தி சாட்சி. சம்பந்தியம்மா சாட்சி. அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் பசுபதிபாளையம் டீக்கடை முழுக்கச் சாட்சி. நான் சொல்லிவிட்டேன்.

சொன்னதுதான் தப்பு. அதற்கப்புறம் டீக்கடைப் பக்கம் போக முடியவில்லை. "என்னுங்க சிகாமணியண்ணா, பறந்தாச்சுங்களா?" "மேலேயிருந்து பார்த்தா அமராவதியில தண்ணி தெரியுதுங்களா? கீழே ஒண்ணையும் காணமே!" ஒரு டீ குடிக்க நாலு கேள்வி.

வேலையைச் சொல்கிறேன். ஒரு பல்பு எரிய வேண்டுமென்றால் கரண்டு போக ஒரு வழி, திரும்பி வர ஒரு வழி வேண்டும். வீட்டில் அதற்கு இரண்டு ஒயர். பஸ்ஸில் போக மட்டும்தான் ஒயர்; திரும்பி வர வண்டியின் இரும்பே வழி. பாடி எர்த் என்போம். பாதி ஒயர் மிச்சம், பாதி வேலை மிச்சம். என் வாழ்நாளில் மிச்சம் பிடித்த ஒயரை எடுத்து நீட்டினால் கன்னியாகுமரி போய் இலங்கைக்குள்ளும் கொஞ்சம் போகும். விமானமும் இரும்புக் கூடுதானே? அதே கையோடு போட்டேன். எங்கே நேர்வழியோ அங்கே இழுத்தேன். எங்கே குழாய் போகிறதோ அதோடு சேர்த்துக் கட்டினேன். வெளியே ஒரு ஒயர் தெரியாது. பார்க்க அப்படி இருக்கும்.

செவ்வந்தி ஒருநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்ஜினுக்கு எர்த் குடுத்தீங்களாப்பா? அது ரப்பர் மேலே உக்காந்திருக்குது. இரும்போட ஒட்டலீங்க."

"அதெல்லாம் தானா இருக்கும் கண்ணு."

"தானா எப்படீங்கப்பா இருக்கும்?"

எப்படி இருக்குமாம்! நீங்களே சொல்லுங்கள். கரூருக்கு வண்டி எப்படி வரும்? வெறும் சேஸிஸாக வரும். முன்னால் இன்ஜின், ஒரு டிரைவர், தலையில் துண்டு. ஓடித்தான் வரும். நாங்கள் பாடி கட்டுவோம். நான் லைட், ஃபேன், பெல் போடுவேன். இத்தனை வருஷத்தில் நான் இன்ஜின் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நான் எர்த் கொடுத்து எந்த இன்ஜினும் ஓடினதில்லை, கொடுக்காமல் எதுவும் நின்றதுமில்லை. அப்புறம் இதற்கு மட்டும் என்ன தனியாக? குழந்தை அழுதது. அவள் போய்விட்டாள்.

ஆயுத பூஜையன்று இன்ஜினை ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. பட்டறையில் விமானத்துக்குச் சந்தனம், குங்குமம், மூன்று சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். ஓடிவிடக் கூடாதென்று வாலை வடத்தால் ஒரு பஸ் சேஸிஸோடு கட்டியிருந்தது. சம்பந்தி உள்ளே ஏறி உட்கார்ந்தார். நானும் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தேன். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா, "அண்ணா, பூசணிக்காயைக் கொஞ்சம் உடைச்சுப் போடுங்க" என்று கூப்பிட்டது. இறங்கினேன்.

சம்பந்தி ஸ்டார்ட்டரைத் தட்டினார். கர்ர்ர் என்றது, பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. லேசாகப் புகை வந்தது. எல்லோருக்கும் முன்னால் நான்தான் பார்த்தேன். ஊதுபத்தி. பூஜை அன்றைக்குப் புகை வராமல் வேறு என்ன வரும்? இன்னொரு தடவை தட்டினார், பிடித்துக்கொண்டது.

பிடித்தது விடவில்லை, சார். சம்பந்தி ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்துவிட்டுக் குறைக்கப் பார்த்தார், குறையவில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. தாம்பாளம் பறந்தது. மூட்டையில் இருந்த பொரி முழுக்க மேலே கிளம்பிப் பட்டறைக்குள் பனி பெய்தது. கூரைத் தகடு இரண்டு போயிற்று. ஒன்று இன்னும் திரும்பி வரவில்லை. வடம் முறுக்கேறி, அந்தச் சேஸிஸையே விமானம் ஒரு முழம் இழுத்தது. இது மட்டும் சத்தியம், தரையில் கோடு இருக்கிறது. உள்ளே சம்பந்தி எதையெதையோ இழுக்கிறார், சுவிட்சையெல்லாம் தட்டுகிறார், அணையவில்லை. கடைசியில் பெட்ரோல் குழாயை மூடினார். குழாயில் மிச்சம் இருந்ததையும் குடித்துவிட்டுத்தான் அது நின்றது.

இறங்கி வந்தவர் தலையெல்லாம் பொரி. "ஆக்சிலேட்டர் திரும்பலீங்க" என்றார்.

செவ்வந்திதான் முன்பக்கத்தைக் கழற்றினாள். ஆக்சிலேட்டர் கேபிளை வெளியே உருவினாள். உள்ளே இருந்த பிளாஸ்டிக் பாகாக உருகி, கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். இன்ஜினுக்கு அடியில் அந்த ரப்பர் கட்டைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் அவள் மாமியாரைப் பார்த்தாள்.

"எலி கடிச்சிருக்குதுங்க மாமா" என்றாள்.

சம்பந்தி கேபிளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடிச்ச எலி தீப்பெட்டி வெச்சிருந்துச்சுங்களா அம்மிணி?"

"ஒயரைக் கடிச்சு, ஷாட்டாகி, சூடாயிருக்கும் மாமா."

"ஓ" என்றார் அவர். என் பக்கம் ஒரு தடவை திரும்பினார். "எலிதான்."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! எத்தனை அழகாகப் போட்ட வேலை. ஒரு எலி, ஒரே ஒரு எலி வந்து பாழாக்கிவிட்டது. பட்டறையில் பொரிமூட்டையைத் திறந்து வைத்தால் எலி வராதா என்று அப்போதே எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். செவ்வந்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மாமனார் பொரிமூட்டையைக் கவனிக்காமல் விட்டது அவளுக்கே அவமானமாக இருந்திருக்கும், பாவம்.

சம்பந்தி இதை மறக்கவே இல்லை. பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனேன். திரும்பும்போது தாம்பூலப் பையோடு ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்தால், பித்தளையில் பளபளவென்று ஒரு எலிப்பொறி. எந்தச் சம்பந்தி இப்படி நினைவு வைத்துக்கொண்டு செய்வார்? வீட்டில் நடுக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்களெல்லாம் கேட்கிறார்கள்.

ஆனால் அதற்குள் என் ஒயர் முழுவதையும் பிடுங்கிவிட்டார்கள், சார். முழுவதையும். எலி கடித்தது ஒரு கேபிள். பிடுங்கினது மொத்தம். "எலி மூத்திரம் பட்டிருக்கும்பா, எல்லாத்தையும் மாத்திரலாம்" என்றாள் செவ்வந்தி. இனிமேல் அவளே போடுகிறாளாம். நான் கூட இருந்து உதவி செய்ய வேண்டுமாம். என்ன உதவி? டார்ச் லைட் பிடிக்கிறது.

ஊருக்கே வெளிச்சம் போட்டவனுக்கு வெளிச்சம் பிடிக்கிற வேலை.

மத்தியானம் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வருவாள். தரையில் மல்லாந்து படுத்து வேலை செய்வாள். நான் குனிந்து டார்ச்சைக் காட்டிக்கொண்டு நிற்பேன். இடுப்பு போய்விட்டது. அவள் வேலையைப் பார்த்தால் உங்களுக்கே எரிச்சல் வரும். ஒவ்வொரு பல்புக்கும் போக ஒன்று, வர ஒன்று, இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி ஜடை மாதிரி பின்னுகிறாள்.

"எதுக்கு கண்ணு இந்த அலங்காரம்?"

"திசை காட்டற முள்ளு பக்கத்துல ஒத்தை ஒயர் போனா முள்ளு திரும்பிக்கும்பா. பின்னி விட்டா ஒண்ணோட இழுப்பை இன்னொண்ணு அடக்கீரும்."

பெட்ரோல் குழாய்க்கு மேலேதான் ஒயர் போக வேண்டுமாம், கீழே போகவே கூடாதாம். கசிந்தால் பெட்ரோல் கீழேதானே சொட்டும். மேலே போனாலும் ஒட்டக் கூடாது, நடுவில் ஒரு சாண் விட வேண்டும். இறக்கையைத் திருப்புகிற கம்பிப் பக்கம் தலை வைத்தே படுக்கக் கூடாது. பேட்டரியை விட்டுக் கிளம்பின உடனேயே ஃபியூஸ். தகட்டில் ஓட்டை போட்டு ஒயரை நுழைத்தால் ஓட்டை விளிம்புக்கு ரப்பர் வளையம். இன்ஜின் இரும்புக்குக் கை மொத்தத்துக்குப் பின்னின செம்புப் பட்டை ஒன்று வேறு. எதற்கு என்று கேட்டேன். "எலிக்குத்தானுங்கப்பா. கரண்டு திரும்ப இந்த வழி இல்லீன்னா, எலி ஆக்சிலேட்டர் கேபிளுக்குள்ள பூந்துக்கும்" என்றாள்.

"நேரா பத்து நிமிஷத்துல போற ஒயரைச் சுத்தி வளைச்சு, கோயில் பிரகாரமாட்டம் கொண்டுபோறயே" என்றேன் ஒருநாள் பொறுக்காமல்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். ஒரு துண்டு ஒயரை எடுத்து, வளையம் போடாத தகட்டு விளிம்பில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, விடாமல் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் ஒயர் தோல் உரிந்து உள்ளே செம்பு பளிச்சென்றது.

"பஸ்ஸுல லைட்டு போச்சுன்னா ஓரமா நிறுத்திக்கலாமுங்கப்பா. மேலே எங்கே ஓரம்? இன்ஜின் ஓடறப்ப இதுல இருக்கற ஒவ்வொரு விளிம்பும் ரம்பமுங்க."

டார்ச்சை நேராப் பிடிங்கப்பா என்றாள் அதற்கப்புறம். நான் நேராகத்தான் பிடித்திருந்தேன்.

தை கடைசியில் ஒருநாள் சம்பந்தி என்னைப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறி நிற்கச் சொன்னார். "விமானத்துல ஏர்றவங்க எடை தெரியோணுமுங்க" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கு டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னேன். எடை போட்டாகிவிட்டது, இனி சீட் உறுதி.

அரவக்குறிச்சிக்கு அப்பால் ஒரு மில் முதலாளி, முருங்கைத் தோட்டத்துக்கு நடுவே சொந்தமாக ஓடுபாதை போட்டு வைத்திருக்கிறார். விமானத்தை லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோனோம். ஓட்டுகிறவர் ஃபெலிக்ஸ் என்று விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கை கொடுத்தார். நானும் கொடுத்துவிட்டு அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

சீட்டில் ஆள் உட்கார்ந்திருந்தது. மணல் மூட்டை!

"முதல்ல கொஞ்ச நாளைக்கு ஓட்டுறவர் மட்டும்தான் போகணும் ஐயா, அதான் விதி" என்றார் ஃபெலிக்ஸ். "கூட இன்னொரு ஆள் எடை இருந்தா எப்படிப் போகுதுன்னு பார்க்கணும். அதுக்குத்தான் மணல்."

என் எடைக்கு மணல். மூட்டைக்கு பெல்ட் போட்டிருந்தார்கள். அதற்கு மேல் சாக்பீசால் பெரிதாக 'சம்பந்தி' என்று எழுதியிருந்தது. எழுதினது யார் என்று கேட்டேன். சம்பந்தி முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அந்த மூட்டை பறந்தது, சார். என்னைவிட அதிகமாக அந்த மணல் வானத்தைப் பார்த்துவிட்டது. பழனி வரைக்கும் போய்க் கோபுரத்தைச் சுற்றிவிட்டு வந்ததாம். சரி, பழனி என்பதை நான் சேர்த்துக்கொண்டேன், ஆனால் பறந்தது. நான் டீக்கடையில் என்ன சொல்லுவேன்? "என்னுங்கண்ணா, பறந்தாச்சுங்களா?" என்றால், என் எடை பறந்தாச்சு என்றா?

மாசியில் செய்தி வந்தது. சோதனையெல்லாம் முடிந்தது, மூட்டையை இறக்கியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ஆள் ஏறலாம். சனிக்கிழமையே போய்விட்டேன். நான் உட்காரப் போகிற பக்கம் வெறும் தகடாக மொட்டையாக இருந்தது. கையோடு ஒரு சின்ன முருகன் படம் கொண்டுபோயிருந்தேன். ஒட்டினேன். படம் இருட்டாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? வாழ்நாள் பூராவும் சாமிக்கு லைட் போட்ட கை. ஒரு பட்டாணி அளவு பல்பு, ஒரு சுவிட்ச், ஒரு ஒயர், அவ்வளவுதான். காவல்காரன் டீ குடிக்கப் போயிருந்தான். முன்பக்கம் செவ்வந்தி ஜடை பின்னி வைத்திருந்ததில் விரல் நுழைய இடமில்லை. அதனால் சீட்டுக்குப் பின்னால் பேட்டரியிலிருந்தே நேராக எடுத்தேன். பட்டாணி பல்புக்கு ஃபியூஸ் எதற்கு? அவ்வளவு தூரம் கொண்டுவர வழி? சீட்டுக்கடியில் பெட்ரோல் குழாய் ஒன்று முன்பக்கம் போகிறது. அதோடு சேர்த்து நாலு பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டி, குழாய் நுழைகிற ஓட்டையிலேயே நுழைத்து... சரி, விடுங்கள். சின்ன வேலை. கணக்கில் சேர்க்கிற வேலையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. படத்தை எல்லோரும் பார்த்தார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்; பூச்சரத்துக்குள் இருந்த பட்டாணி பல்பை யாரும் கவனிக்கவில்லை. சம்பந்தி என் தோளில் கை வைத்தார்.

"கோவிச்சுக்கக் கூடாதுங்க சம்பந்தி. மொதல்ல செவ்வந்தி ஏறட்டுமுங்க."

"என்னுங்க இது? சொன்ன சொல்லு?"

"வழக்கம் சொன்னதே நீங்கதானுங்க. ஒயரு போட்டவங்க ஏறோணுமில்லீங்களா? போட்டது அதுதானுங்களே."

என்னிடமிருந்தே எடுத்து என்னையே அடித்தார். என் மகள், என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள். பெல்ட் போட்டாள். ஃபெலிக்ஸ் ஸ்டார்ட்டரைத் தட்டினார், முதல் தட்டிலேயே பிடித்தது. விசிறி சுற்றியது. நான் நின்ற இடத்தில் மண் அதிர்ந்தது. விமானத்தின் தகடெல்லாம் கிடுகிடுவென்று நடுங்குகிறது. கட்டைவிரலால் தேய்க்கிற மாதிரி, விடாமல்.

அப்போதுதான், சார், பாம்பைப் பார்த்தேன்.

வேறு ஒருத்தருக்கும் தெரியவில்லை, எனக்கு மட்டும்தான் தெரிந்தது. சீட்டுக்கடியில், பெட்ரோல் குழாயை ஒட்டி, மெல்லிசாக, சிவப்பாக, தகட்டு ஓட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டு. சிவப்புப் பாம்பு உண்டா என்று கேட்காதீர்கள். மூடின கதவுக்குள் எப்படித் தெரிந்தது என்றும் கேட்காதீர்கள். தெரிந்தது. என் மகள் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

துண்டை உதறிக்கொண்டு ஓடினேன். நகர ஆரம்பித்த விமானத்துக்கு எதிரே, ஓடுபாதை நடுவில் நின்றேன். வேட்டி அவிழ்ந்ததாகச் சம்பந்தி சொல்லுவார், நம்பாதீர்கள். "பாம்பு! பாம்பு! நிறுத்துங்க, பாம்பு!" தொண்டை கிழிந்தது. ஃபெலிக்ஸ் அணைத்துவிட்டு வெளியே குதித்தார். செவ்வந்தி குதிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"எங்கேப்பா?"

"சீட்டுக்கு அடியில. குழாயோரமா."

"எந்தப் பக்கமிருந்து வருது?"

"பேட்டரியிலிருந்து" என்றேன்.

அவள் இறங்கினாள். சீட்டைக் கழற்றினாள். குனிந்து பார்த்தவள் ரொம்ப நேரம் நிமிரவில்லை. அப்புறம் கையை மட்டும் நீட்டிக் கட்டிங் பிளேயர் கேட்டாள். "பாம்பு பிடிக்கக் கட்டிங் பிளேயரா?" என்றார் ஃபெலிக்ஸ். டக் என்று ஒரு சத்தம், பேட்டரி பக்கம். அப்புறம் நாலு சத்தம். கையை மூடிக்கொண்டு எழுந்தாள்.

"பாம்புதானுங்க மாமா" என்றாள். "வெஷமில்லாதது."

சம்பந்தி அவள் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எலி இருந்த எடத்துக்குப் பாம்பு வர்றது சகஜந்தானுங்களே சம்பந்தி" என்றார்.

எவ்வளவு பெரிய மனுஷன் பாருங்கள். முருங்கைத் தோட்டத்தைச் சுத்தமாக வைக்காத மில் முதலாளியை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செவ்வந்தி என்னை மரத்து ஓரமாகக் கூட்டிப் போனாள். மூடின கையை என் சட்டைப் பைக்குள் விட்டுத் திறந்தாள். "தோலு உரிஞ்சிருக்குதுங்கப்பா" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். "நீங்க மட்டும் கத்தலீன்னா..." திட்டியிருக்கலாம். திட்டினால் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன்.

அன்றைக்குப் பூராவும் ஃபெலிக்ஸும் அவளும் விமானத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். மறுநாள் காலையில்தான் மேலே போனாள். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். இறங்கும் வரைக்கும் தலையைக் குனியவில்லை. கழுத்து இன்னும் திரும்ப மாட்டேன் என்கிறது. அதனால்தான் உங்கள் பக்கம் உடம்போடு திரும்பிப் பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

இன்றைக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆமாம், சீட் எனக்குத்தான். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள் மகள். வெறுங்கையோடு வர வேண்டுமாம். டெஸ்டர் கூடாது, டேப் கூடாது, பையில் ஒரு துண்டு ஒயர் கூடாது. வாசலில் சம்பந்தி நின்று, செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி என் பையைத் தடவிப் பார்ப்பாராம். நாற்பது வருஷத் தொழில்காரனை! மணல் மூட்டையைத் தடவிப் பார்த்தார்களா? போகாமல் திரும்பிவிடலாமா என்று கூட நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

அதோ அரவக்குறிச்சி வந்துவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் நான் இறங்க வேண்டும். நீங்கள் திண்டுக்கல்தானே? ஒரு உபகாரம் செய்யுங்கள். என் சட்டைப் பையில் கிடக்கிற இதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பல்பு நல்ல பல்பு. உங்கள் வீட்டுச் சாமி படத்துக்கு ஆகும். தோல் போன இடத்தில் இரண்டு சுற்று டேப் சுற்றிவிடுங்கள், போதும். சுவரில்தானே மாட்டப் போகிறீர்கள்? சுவர் நடுங்காது.

என்ன, கையை இழுத்துக்கொள்கிறீர்கள்? பிடியுங்கள், சார். கடிக்காது.